துறவியின் மடம்: வெள்ளவத்தை வீடொன்றில் ஐந்து நண்டுகள்

2025 பெப்ரவரி முதற்கிழமை, வெள்ளிக்கிழமை பின்னேரம். வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், தொடர்மாடியின் நாலாம் தட்டில் இருக்கும் அக்கா தொலைபேசி எடுத்தார். அவருடைய மூத்த மகள் என்னிடம் ஓ/எல் விஞ்ஞானம் படிக்கிறாள். என் வீட்டில் இரண்டு மீன்தொட்டி இருப்பதால், ஊர்வன பறப்பன எல்லாவற்றுக்கும் என்னிடம் வைத்தியம் இருக்கிறது என்று அந்த வீட்டில் ஒரு நம்பிக்கை.

"மிஸ், நண்டு ஒண்டு செத்துப்போச்சு. மற்ற நாலும் அசையுதில்லை. ஒருக்கா வந்து பாப்பியளோ?"

போனேன். பிள்ளைகளின் அறையில், படிப்பு மேசைக்கு மேல் தட்டில், ஐந்து ஐஸ்கிரீம் பெட்டிகள் வரிசையாக இருந்தன. மூடிகளில் ஊசியால் குத்திய துளைகள். ஒவ்வொன்றின் மேலும் பெயர்: வாத்தியார், ராக்கெட், கிளி, சுட்டி, பபா. உள்ளே விரற்கடை உயரத்துக்கு நிறக் கல், குழாய்த் தண்ணீரில் நனைத்த ஒரு பஞ்சுத்துண்டு, கொஞ்சம் பிஸ்கட் தூள். டிசம்பர் விடுமுறையில் நகரத்தில் ஒரு மீன் கடையில் வாங்கியவை. துறவி நண்டுகள், அதாவது நத்தைகள் விட்ட வெற்று ஓட்டுக்குள் குடியிருந்து அதைச் சுமந்து திரிபவை. ஐந்தும் வர்ணம் பூசிய ஓட்டுக்குள். பபாவின் ஓட்டில் கிரிக்கெட் பந்து வரைந்திருந்தது. பபா அந்த ஓட்டிலிருந்து பாதி வெளியே தொங்கியபடி கிடந்தது. மூக்கைக் கிட்டக் கொண்டு போகத் தேவையில்லை. மூடியைத் திறந்ததுமே பழுதான மீன் மணம்.

இந்த மணம் முக்கியம். துறவி நண்டு சட்டை கழற்றும்போதும் கால், கொடுக்கு, கண் எல்லாம் அப்படியே இருக்கும் வெற்றுக் கூடு ஒன்று கிடக்கும். அதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று எறிகிறவர்கள் இருக்கிறார்கள். கூடு என்றால் உள்ளே ஒன்றும் இருக்காது, நாறவும் நாறாது. பபா அப்படியில்லை.

சின்னவனுக்கு ஏழு வயது. கட்டிலில் இருந்தபடி என்னைக் கேட்டான்: "அது தனிய இருந்ததால கவலைப்பட்டுச் செத்ததோ?" அக்கா உடனே குறுக்கிட்டார். "துறவி நண்டு எண்டால் தனியத்தானே இருக்கோணும், மிஸ்? அதான் தனித்தனியா வச்சனாங்கள்."

பெயரை நம்பியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தப் பிராணி தனிமையில் வாழும் துறவிதான். ஆனால் தரையில் வாழும் இந்த இனங்களுக்கு 1829 இல் லத்ரேய் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் வைத்த பேரினப் பெயர் சீனோபிட்டா. அந்தச் சொல்லுக்கு, மடத்தில் மற்றவர்களோடு கூடி வாழும் துறவி என்று பொருள். குகையில் இருக்கிறவரும் மடத்தில் இருக்கிறவரும் ஒரே காவிதான் கட்டுகிறார்கள், ஆனால் ஒருவர் பந்தியில் சாப்பிடுகிறார். இந்த வீட்டில் நடந்த பிழைகளில் பாதி, மடத்துத் துறவியைக் குகைக்குள் அடைத்ததில் வந்தது. மீதிப் பாதி, பிறகு நானே மடத்தைச் சரியாகக் கட்டாமல் எல்லோரையும் ஒன்றாக விட்டதில் வந்தது.

சரி, முதல் சாவுக்கு வருவோம்.

அந்த அறையில் ஏசி இரவு முழுக்க ஓடும். பகலிலும் ரியூசன் இல்லாத நேரமெல்லாம் ஓடும். என்னிடமிருந்த சின்ன ஈரப்பதமானியை வாத்தியாரின் பெட்டிக்குள் வைத்து அரை மணித்தியாலம் காத்திருந்தோம். வெப்பநிலை 24 பாகை, ஈரப்பதம் 46 வீதம். வெளியே பல்கனியில் அதே நேரம் 73. கண்ணாடி யன்னல் ஒன்றுதான் இடையில்.

தரைத் துறவி நண்டு தண்ணீருக்கு வெளியே வாழ்கிறது என்றாலும் அதற்கு நம்மைப் போல நுரையீரல் இல்லை. செவுளைக் காற்றுக்குப் பழக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தச் செவுள் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 75 முதல் 85 வீதம் வரை இருந்தால் நண்டு வசதியாக மூச்சு விடும். குறைந்தால் ஓட்டுக்குள் சேமித்த தண்ணீரைச் செலவழித்துக்கொண்டு உள்ளே ஒடுங்கிவிடும். அதுவும் முடிந்தால் மெதுவாக மூச்சு முட்டும். ஒரே நாளில் சாகாது, கிழமைக் கணக்கில் இழுபடும். அதனால்தான் வாங்கி ஒன்றரை மாதம் கழித்து ஒருநாள் "திடீரென்று" செத்ததாக வீட்டுக்காரருக்குத் தோன்றுகிறது.

உலகின் குளிர் நாடுகளில் இந்த நண்டை வளர்ப்பவர்கள் வெப்பத்தாள், தண்ணீர் தூவும் கருவி என்று காசைக் கொட்டிக் கொழும்பின் காற்றை ஒரு பெட்டிக்குள் செய்யப் பார்க்கிறார்கள். நாங்கள் கொழும்பில் இருந்துகொண்டு காசைக் கொட்டி அந்தக் காற்றை வெளியே தள்ளுகிறோம்.

ஏசியை நிறுத்துங்கள் என்றேன். அக்கா தயங்கினார். பெப்ரவரி வெயில், பிள்ளைகள் நித்திரை கொள்ள மாட்டார்கள், பெட்டிகளை ஹோலுக்கு மாற்றினால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள். மானியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் விட்டு மறுநாள், பெப்ரவரி 9, ஞாயிறு. காலை பதினொன்றரை மணியளவில் நாடு முழுவதும் கரண்ட் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பார்த்த வேலை. எங்கள் பக்கம் திரும்பி வரப் பல மணித்தியாலம் எடுத்தது. அக்கா வீட்டில் வேறு வழியில்லாமல் எல்லா யன்னலையும் திறந்து விட்டிருக்கிறார்கள். பொழுதுபட்ட பிறகு தொலைபேசி வந்தது. "மிஸ், பெட்டிக்குள்ள சுரண்டுற சத்தம் கேக்குது. வாத்தியார் மூடியைத் தள்ளுறார். மானியில 76 எண்டு காட்டுது."

நாலும் எழும்பிவிட்டன. கிளி, தண்ணீர்ப் பஞ்சின் மேல் ஏறி நின்றதாம். ஒருநாள் நடந்ததை வைத்து முடிவு சொல்லக்கூடாது. இந்த நண்டுகள் இரவில் நடமாடுபவை, இருட்டியதும் எழும்புவது இயல்புதான். ஆனால் முந்தைய இரவுகளில் எழும்பவில்லையே. அடுத்த நாட்களிலும் சுழற்சி முறையில் மின்வெட்டு வந்தது. பிறகு அக்காவே ஏசியை நிறுத்தி வைத்து இரண்டு இரவு பார்த்தார். இரண்டு இரவும் நடமாட்டம். மூன்றாம் இரவு ஏசி போட்டார், சத்தமில்லை. எங்கள் வீட்டுப் பரிசோதனைக்கு இவ்வளவு போதும் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். குரங்குக்கு நன்றி.

அடுத்தது என் பிழை. அதைச் சுருக்கிச் சொல்ல விருப்பம், ஆனால் இந்த நிகழ்வில் படிக்க வேண்டிய இடமே அதுதான்.

மடத்துத் துறவி என்று பெரிதாகப் பிரசங்கம் செய்துவிட்டு, என்னிடம் சும்மா கிடந்த இரண்டடி மீன்தொட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏசி இல்லாத ஹோலில், புத்தக அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்தோம். அன்றைக்குக் கையில் கிடைத்த மணல் இரண்டு அங்குலத்துக்குத்தான் வந்தது. மீதியைப் பிறகு போடுவோம் என்று நாலு நண்டையும் ஒன்றாக விட்டோம். முதல் இரவே ஒன்றை ஒன்று உணர்கொம்பால் தட்டிப் பார்த்தன, ஒன்றின் மேல் ஒன்று ஏறின, மூலையில் குவியலாக நித்திரை கொண்டன. சின்னவனுக்கு ஒரே சந்தோசம். நானும் பெருமைப்பட்டேன். அந்தப் "பிறகு" மூன்று கிழமை ஆகியும் வரவில்லை.

மார்ச் முதற்கிழமையில் கிளி செத்தது. செத்தது என்பதை விட, தின்னப்பட்டது என்பதே சரி. காலையில் பார்த்தபோது ஓடு ஒரு பக்கம், கொடுக்கின் துண்டு ஒரு பக்கம். சுட்டி இன்னும் வாயை ஆட்டிக்கொண்டிருந்தது. மூத்தவள் அதைப் பார்த்து அழுதாள். "சேர்ந்து இருக்கிறது எண்டு சொன்னீங்கள்தானே, மிஸ்" என்றாள்.

சொன்னேன்தான். சொல்லாமல் விட்டது இது: நண்டு வளர வேண்டுமானால் தன் உடம்பின் மேலோட்டை, சுமக்கும் ஓட்டை அல்ல, கழற்ற வேண்டும். கழற்றிய உடனே உடல் வெண்ணெய் போல இருக்கும். கொடுக்கு நெருக்காது, கால் நிற்காது. பழைய கூட்டைத் தானே தின்று அந்தச் சுண்ணாம்பால் புதியதை உரமாக்கும் வரை எதிர்ப்பு என்பதே இல்லை. அந்தக் காலத்தைக் கழிக்க அது ஈர மணலுக்குள் ஆழமாகப் போய்ச் சின்ன அறை செய்து ஒளித்துக்கொள்ளும். சின்ன நண்டுக்குச் சில கிழமை, பெரியதற்கு மாதக்கணக்கு. இரண்டு அங்குல மணலில் எங்கே போய் ஒளிப்பது? கிளி மணலின் மேலேயே சட்டை கழற்றியிருக்கிறது. மற்றவற்றுக்கு அது தோழன் இல்லை, இறைச்சி மணக்கும் ஒரு பொருள். பகையும் இல்லை. பிஸ்கட்டில் கிடைக்காத புரதமும் சுண்ணாம்பும் அங்கே திறந்து கிடந்தன.

ஆகவே, கூட்டமாக வைப்பது நல்லதா கெடுதலா என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. ஆழமான மணலும் போதுமான தீனியும் மிச்ச ஓடுகளும் இருந்தால் நல்லது. இவை இல்லாவிட்டால் தனிப் பெட்டியில் பட்டினி கிடப்பதை விட அது மோசம். இதைக் கிளி சாகும் முன்னரே சொல்லியிருக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை எல்லாவற்றையும் இறக்கித் திரும்பக் கட்டினோம். ஆற்று மணலை அரித்து, கழுவி, ஐந்து பங்குக்கு ஒரு பங்கு தும்புச்சோறு கலந்தோம். தண்ணீர் எவ்வளவு விடுவது என்று அக்கா கேட்டார். புட்டு மாவின் பதம், அதை விட ஒரு சிறங்கை கூட என்றேன். பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் துளைத்தால் துளை நிற்க வேண்டும், பிழிந்தால் சொட்டக்கூடாது. இந்த முறை எட்டு அங்குலம். மேலே கண்ணாடி மூடி, காற்றுக்கு ஒரு நீக்கல். கீழே கடற்கரை இருக்க ஏன் மணலுக்கு அலைய வேண்டும் என்று அத்தான், அக்காவின் கணவர், கேட்டார். வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்து மணல் அது. 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கிய பிறகு இந்தக் கரையில் ஒதுங்கிய பிளாஸ்டிக் மணிகளையும் நாங்கள் எல்லோரும் பார்த்தவர்கள். கேள்வி அத்துடன் நின்றது.

தண்ணீர் இரண்டு கிண்ணம். ஒன்றில் நல்ல தண்ணீர், மற்றதில் உப்புத் தண்ணீர். ஓட்டுக்குள் கொண்டு திரியும் தண்ணீரின் உப்பை இரண்டிலும் மாறி மாறி நனைந்து நண்டு தானே சரிப்படுத்திக்கொள்ளும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதால் மீன்தொட்டிக்கு விடும் குளோரின் நீக்கித் துளி அவசியம். உப்பு, மீன் கடைகளில் விற்கும் கடலுப்புக் கலவை, லீற்றருக்கு 35 கிராம். கறிக்குப் போடும் அயடீன் உப்பு சரிவராது. இரண்டு கிண்ணத்துக்குள்ளும் ஏறி இறங்கக் கல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூழ்கிச் சாகும். காற்றில் மூச்சு முட்டுவதும் தண்ணீரில் மூழ்குவதும் ஒரே பிராணிக்கு நடக்கும் என்பதை நம்பச் சின்னவன் மறுத்துவிட்டான். தீனிக்கு பிஸ்கட் நின்றது. தேங்காய்ச் சொட்டு, அவித்த இறால், மாம்பழம், முருங்கையிலை, நொருக்கிய முட்டைக்கோது, கணவாய் ஓடு. தேங்காய்ச் சொட்டைக் கண்டால் மூன்றும் ஓடி வரும்.

ஓடுகள்தான் பிரச்சினையாக இருந்தன. வர்ணம் உரிந்து தின்னப்படும் என்பதால் பழையவற்றை மாற்ற வேண்டும். கடற்கரையில் விற்கும் அலங்கார ஓடுகளுக்கு வார்னிஷ் பூசியிருக்கிறது. கரையில் பொறுக்கினால் அங்கே வீடு தேடும் நண்டின் வீட்டைத்தான் எடுக்கிறோம். கடைசியில் அக்காவின் அம்மா எழும்பிப் போய், அலுமாரியின் மேல் தட்டிலிருந்து ஒரு பழைய பால்மா ரின்னை எடுத்து வந்தார். பருத்தித்துறை வீட்டை விட்டு வரும்போது கொண்டு வந்த ஊரிகள். பிள்ளைகளாக இருந்தபோது பல்லாங்குழிக்குச் சேர்த்தவையாம். அவற்றில் வட்ட வாயுள்ளதாக, வெவ்வேறு அளவில், ஒன்பதைத் தெரிந்து அவித்துக் கழுவினோம். அம்மம்மா ஒரு நிபந்தனை போட்டார்: "நண்டு வேண்டாமெண்டால் எனக்குத் திருப்பித் தந்துபோட வேணும்."

அந்த ஒன்பது ஊரியும் பத்து நாள் அப்படியே கிடந்தன. வாத்தியார் மட்டும் ஒவ்வொரு இரவும் ஒன்றைத் தேர்ந்து, கொடுக்கை உள்ளே விட்டு அளந்து, உருட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். பெண் பார்க்கப் போய் இனிப்புச் சாப்பிட்டுத் திரும்பும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி. நண்டு கொழுத்தால் வளையில் இராது என்பார்கள். இதற்கு வளை முதுகில்.

மார்ச் 22, சனி இரவு, பத்தே முக்கால். நான் அங்கே இரவுச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். மூத்தவள்தான் முதலில் கண்டாள். வாத்தியார் ஒரு ஊரியின் வாயைத் தன் ஓட்டின் வாயோடு பொருத்தி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. ராக்கெட் வந்து வாத்தியாரின் ஓட்டைப் பின்னாலிருந்து பிடித்தது. சற்று நேரத்தில் சுட்டி வந்து ராக்கெட்டைப் பிடித்தது. பெரியது, நடுத்தரம், சின்னது என்று உயர வரிசையில் நிறுத்திய பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல. யாரும் பேசவில்லை, விசிறியைக்கூட நிறுத்தினோம். வாத்தியார் ஒரே வீச்சில் வெளியே வந்தது. அந்த மென்மையான, வலப்பக்கம் சுருண்ட, இளஞ்சிவப்பு வயிற்றை நான் அதற்கு முன் படத்தில்தான் பார்த்திருந்தேன். அடுத்த கணம் புது ஊரிக்குள் இருந்தது. விட்ட ஓட்டுக்குள் ராக்கெட். ராக்கெட் விட்டதற்குள் சுட்டி. எல்லாம் ஒரு நிமிடம் இராது. கடைசியில் சுட்டியின் பழைய ஓடு, மஞ்சள் வர்ணத்தோடு, யாரும் வேண்டாததாகக் கிடந்தது.

எட்டு வெற்று ஊரி பக்கத்திலேயே இருந்தும், ராக்கெட்டும் சுட்டியும் ஏன் இன்னொன்று கழற்றிய ஓட்டுக்குக் காத்திருந்தன? மார்க் லைட்ரி என்ற ஆய்வாளர் கோஸ்டாரிக்காக் கரையில் இதே பேரினத்து நண்டுகளில் பார்த்து 2012 இல் எழுதினார்: தரை நண்டுகள் ஓட்டின் உட்சுருளை அரித்து எடுத்து, வாயை அகட்டி, பாரத்தைக் குறைத்து விடுகின்றன. அப்படித் திருத்திய ஓடு பல கை மாறும். புதிதாகக் கரை ஒதுங்கிய ஓடு வளர்ந்த நண்டுக்குக் கிட்டத்தட்டப் பயன்படாது. ஆகவே ஒவ்வொரு நண்டுக்கும் அடுத்த வீடு, இன்னொரு நண்டின் முதுகில் இருக்கிறது. கூடித் திரிவதற்குக் காரணம் இந்த வீட்டுக் கணக்கு. எங்கள் மூன்றும் கோஸ்டாரிக்கா இனம் அல்ல. கொடுக்கின் தையல் போட்டது போன்ற கோடுகளைப் பார்த்தால் நமது கடலில் சாதாரணமான ருகோசஸ் என்ற இனம் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் அன்றிரவு பார்த்தது அந்தக் கணக்குக்குப் பொருந்தித்தான் இருந்தது.

இந்தச் சங்கிலியை விளக்கும் கருத்து நண்டிலிருந்து வந்ததல்ல, மனிதரின் வேலை, வீடு மாற்றங்களைப் படித்த சமூகவியலிலிருந்து நண்டுக்குப் போனது. வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. நாலாம் மாடிக் குடும்பம் கனடாவுக்குப் போனால், மூன்று அறை வீட்டுக்கு இரண்டு அறைக்காரர் வருவார், அவர் விட்டதற்கு அனெக்ஸில் இருந்த இளம் சோடி வரும், அனெக்ஸுக்கு ஊரிலிருந்து கம்பஸுக்கு வந்த பிள்ளைகள். கடைசியில் யாரும் வேண்டாத மஞ்சள் ஓடாக எங்கோ ஓர் ஒழுங்கையில் காற்று வராத அறையொன்று காலியாகக் கிடக்கும்.

இதற்கு இருண்ட பக்கமும் உண்டு. செத்த நண்டின் மணம் மற்றவற்றை இழுக்கும், ஏனெனில் சாவு என்றால் ஒரு வீடு காலி. இந்து சமுத்திரத்தின் கொக்கோஸ் தீவுகளிலும் பசிபிக்கின் ஹெண்டர்சன் தீவிலும் கரையொதுங்கிய பிளாஸ்டிக் போத்தல்களுக்குள் விழுந்து ஏற முடியாமல் சாகும் நண்டுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,70,000 என்று 2019 இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. ஒன்று விழுந்து செத்தால் அதன் மணத்துக்கு அடுத்தது வந்து விழும்.

சின்னவனின் கேள்வி மிச்சமிருந்தது: எங்களோடு பழகுமா? இல்லை. கையில் அசையாமல் இருந்தால் அது பாசம் அல்ல, பயம். நடந்து திரிந்தால் இறங்கும் வழி தேடுகிறது. உள்ளங்கையில் விட்டு நண்டூருது நரியூருது விளையாடியதை நிறுத்தச் சொன்னேன். ராக்கெட் ஒருமுறை பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைச் சதையைப் பிடித்த பிறகு அவனாகவே நிறுத்தினான். இப்போது இரவு எட்டு மணிக்குத் தொட்டியின் முன் பாய் விரித்துப் பார்ப்பதுதான் அவர்களின் உறவு. ரீவி பார்ப்பதை விட மேல் என்று அக்கா சொல்கிறார்.

இன்னும் இரண்டு வாங்கலாமா என்று கேட்டார்கள், கிளிக்கும் பபாவுக்கும் பதிலாக. வேண்டாம் என்றேன். இவற்றின் குஞ்சுகள் கடலில் மிதந்து உருமாறித்தான் கரையேறும். கடையில் இருப்பவை எங்கோ ஒரு கரையில் பிடித்தவை. வாங்கினால் அடுத்த கூடை நிரம்பும். இருக்கிற மூன்றையும் கீழே கடற்கரையில் விடலாமே என்றார் அத்தான். எந்தக் கரையில் பிடித்தவை என்று தெரியாமல், ஒன்றரை மாதம் குழாய்த் தண்ணீரும் பெயின்றும் பட்டவற்றை வெள்ளவத்தைக் கற்களில் விடுவதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. நன்றாகப் பார்த்தால் இருபது முப்பது வருடம் இருக்கக்கூடியவை. மூத்தவள் வெளிநாடு போனாலும் வாத்தியார் இங்கே இருக்கலாம் என்று சொன்னபோது அக்காவின் முகம் கொஞ்சம் மாறியது.

சித்திரைப் புத்தாண்டுக்கு நாலு நாள் முன் வாத்தியார் மணலுக்குள் போனது. கண்ணாடியோரம் குகையின் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் மண்ணால் மூடிக்கொண்டது. ஒரு மாதம் கழித்து, வெசாக் கூடு பார்க்கப் போய் வந்த இரவு, சின்னவன் கரண்டியோடு தொட்டிக்குப் பக்கத்தில் பிடிபட்டான். அதன் பிறகு அம்மம்மா கண்ணாடியில் ஒரு கடதாசி ஒட்டினார்: "தோண்டக்கூடாது. உள்ளே ஆள் இருக்கு."

ஜூன் 11, பொசனுக்கு அடுத்த நாள் காலை, அக்கா ஒரு படம் அனுப்பினார். மணலில் ஒரு துளை, பக்கத்தில் தேங்காய்ச் சொட்டின் மேல் வாத்தியார், கால் நுனியெல்லாம் கழுவித் துடைத்தது போல. அம்மம்மாவின் ஊரி இப்போது கொஞ்சம் இறுக்கமாகத் தெரிந்தது. ராக்கெட் அதற்குப் பின்னால் ஓட்டைப் பிடித்தபடி நின்றது.